குச்சிக்கிழங்கு மாவில் நாற்றுப் பை: கலவை கைக்கு வந்த விதம்

5×7 அங்குல நாற்றுப் பை, கனம் 60 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). ஈர மண் நிரப்பினால் ஒரு கிலோவை ஒட்டி வரும். விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கிழியக் கூடாது. தினம் தண்ணீர் ஊற்றினாலும் மூன்று மாதம் தாங்க வேண்டும். அப்புறம் பையோடு குழியில் வைத்தால் மண்ணுக்குள்ளேயே மட்கிப் போக வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அப்படி ஒரு பை இந்தக் கோடையில்தான் உருப்படியாக வந்தது. புங்கன், வேம்பு, முருங்கை மூன்றும் அதில் வளர்ந்து, பையோடு நிலத்துக்குப் போய்விட்டன. அளவுகளும் விலைகளும் மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

எங்கள் சேலம் மாவட்டத்தில் மரக்கன்று நடும்போது கறுப்புக் கவரை பிளேடால் கீறி எடுத்து வரப்பில் போட்டுவிடுவார்கள். அடுத்த உழவில் அது மண்ணுக்குள் போகும், அதற்கடுத்த உழவில் கலப்பையில் சுற்றிக்கொண்டு மேலே வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தபோது டீக்கடைக் கவரும் பிளாஸ்டிக் தட்டும் குறைந்தன. நான் பார்க்கும் நாற்றுப் பண்ணைகளில் கறுப்புக் கவர் அப்படியே இருக்கிறது. இதே மாவட்டத்தில்தான் ஆத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, அரைத்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வழியாக மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வருகிறது. கையெட்டும் தூரத்தில் இருக்கும் இந்த மாவை வைத்துப் பை செய்ய முடியுமா என்று பார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

யோசனை புதியது அல்ல. இத்தாலியின் நோவாமாண்ட் ஸ்டார்ச் கலந்த மேட்டர்-பி என்ற மட்கும் பிளாஸ்டிக் குருணையைப் பல ஆண்டுகளாக விற்கிறது. ஜெர்மனியின் பாஸ்ஃப் 1998-இல் ஈகோஃப்ளெக்ஸ் என்ற பெயரில் பிபிஏடி என்ற மட்கும் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தது. பிற்பாடு அதையே பிஎல்ஏ என்ற தாவரச் சர்க்கரைப் பிளாஸ்டிக்கோடு கலந்து ஈகோவியோ என்று விற்றது. இணையத்தில் தேடினால் எத்தனையோ விகிதங்கள் கிடைக்கும். அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு மிஷினில் போட்டால் பை வராது. எதை எத்தனை சதவீதம் போட்டேன் என்பதைவிட, எந்த வரிசையில் போட்டேன், போடும்போது எவ்வளவு ஈரம் இருந்தது என்பதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் பையின் தலையெழுத்தை மாற்றியது.

தொடக்கம் அடுப்படியில். 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் மாவு, 1.5 கிராம் கிளிசரின். கிண்டிக்கொண்டே சூடாக்கினால் 70 டிகிரி சுமாருக்குப் பால் நிறம் போய்க் கஞ்சி கண்ணாடிபோல் தெளியும். அதைச் சமமான தட்டில் ஊற்றி நிழலில் காயவைத்தால் உரித்தெடுக்கிற மாதிரி ஒரு தாள் கிடைக்கும். முதல் வாரம் அது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். மழை நாளில் பிசுபிசுக்கும், வெயில் நாளில் விறைக்கும். சில வாரம் கழித்து மடித்தால் மடிப்பிலேயே ஒடிந்துவிடும். ஆறிய களி இறுகுகிறதே, அதே வேலைதான் இந்தத் தாளுக்குள்ளும் மெதுவாக நடக்கிறது. மாவும் கிளிசரினும் மட்டும் போதாது, தண்ணீருக்கு அசையாத இன்னொரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள், அதைச் சூழ்ந்து நிற்க வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்துக் கையில் கிடைத்தது பிஎல்ஏ. 3டி பிரிண்டருக்கு ஃபிலமென்ட் செய்யும் ஒருவரிடம் 5 கிலோ குருணை வாங்கினேன், கிலோ 300 ரூபாய். மக்காச்சோளம், கரும்புச் சர்க்கரையிலிருந்து வருவது, பெயரும் நல்ல பெயர். ஆனால் பைக்கு ஆகாது. தனியாக ஓட்டினால் தாள் கலகலவென்று சத்தம் போடும். இழுத்தால் நூற்றுக்கு நாலைந்து பங்கு நீளும், அப்புறம் சட்டென்று அறும். மாவு சேர்த்தால் அந்த நாலைந்தும் போய்விடும். தொழிற்சாலை உரக்கிடங்கின் 58 டிகிரிச் சூட்டில் அது நன்றாக மட்கும், நம் வயல் மண்ணின் சூட்டில் வெகு மெதுவாகத்தான் போகும். ஆகவே பிஎல்ஏவைப் பையின் உடம்பாக வைக்க முடியாது, கொஞ்சம் விறைப்புக்காகச் சேர்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன். அந்த 5 கிலோ வீணாகவில்லை. கடைசிக் கலவையில் 6 பங்காக அதுதான் போயிருக்கிறது.

பிபிஏடிதான் உடம்பு. 115, 120 டிகிரிப் பக்கம் உருகும், ரப்பர் மாதிரி நீளும், எல்டிபிஇ (வழக்கமான பாலித்தீன்) கவர் ஓட்டும் மிஷினிலேயே ஓடும். இது பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஆனாலும் மண்ணில் நுண்ணுயிர்களால் சிதைக்க முடிகிற சங்கிலி. ‘மாவுப் பை’ என்று நான் சொன்னாலும் பாதிக்கு மேல் இதுதான் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சில்லறையாக 25 கிலோ மூட்டை வாங்கியதில் கிலோ 250 ரூபாய் ஆனது. மொத்தமாக எடுப்பவர்களுக்குக் குறையும்.

மாவைச் சும்மா காயவைத்து, பிபிஏடிக் குருணையோடு 20 பங்கு கலந்து நேராக மிஷினின் ஹாப்பரில் (சரக்கு போடும் வாயில்) கொட்டிப் பார்த்தேன். மாவு மாவாகவே நின்றது. கிழங்கு மாவின் ஒவ்வொரு மணியும் 5 முதல் 35 மைக்ரான் இருக்கும். தண்ணீரோ கிளிசரினோ இல்லாமல் அது உருகாது, சூடு ஏற்றினால் கருகும். 60 மைக்ரான் தாளுக்குள் 30 மைக்ரான் மணி உட்கார்ந்தால் தாள் சொரசொரவென்று வரும், மணியைச் சுற்றிப் பிளவு விடும். இந்த வழியில் விகிதத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. மாவை முதலில் உருகும் பொருளாக மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் கலப்பு.

அப்படி மாற்றிய மாவைத் தெர்மோபிளாஸ்டிக் ஸ்டார்ச் என்பார்கள். சுருக்கமாக டிபிஎஸ். இதில் நான் செலவழித்த நேரம்தான் மிக அதிகம், பலனும் இதிலிருந்துதான் வந்தது. கணக்கு இது: மாவு 100 பங்கு, கிளிசரின் 35, தண்ணீர் 15, சிட்ரிக் அமிலம் 1. எல்லாம் எடைக்கணக்கு. மாவில் ஏற்கெனவே 12, 13 சதவீதம் ஈரம் உண்டு. கிளிசரினைத் தண்ணீரோடும் அமிலத்தோடும் கலந்து, மாவின் மேல் மெல்லிய தாரையாக ஊற்றிக் கையால் பிசிறிவிட்டேன். உடனே மிஷினில் போட்டால் ஒரு இடத்தில் பாகு, ஒரு இடத்தில் வறட்டு மாவு என்று வரும். கனமான பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு இரவு வைத்தால் கிளிசரின் மணிக்குள் ஊறி, மாவு ஈரமணல் பதத்துக்கு வரும். கையில் பிடித்தால் கட்டியாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். இந்தப் பதம் வந்துவிட்டால் மிஷினுக்குள் சுழலும் ஸ்க்ரூ வழுக்காமல் இழுக்கிறது.

கிளிசரின் 25 பங்கு வைத்தபோது டிபிஎஸ் கல்லாக வந்தது, மிஷினின் ஆம்பியர் முள் ஏறிக்கொண்டே போனது. 45 வைத்தபோது குருணையின் மேல் எண்ணெய் மாதிரி வேர்த்தது, தாளான பிறகும் வேர்த்துக்கொண்டே இருந்தது. 35 நடுவில் நின்றது. கிளிசரின் 99.5 சதவீதம் சுத்தமானதாக இருக்கட்டும். தண்ணீர் கலந்த மலிவுச் சரக்கு வாங்கினால் ஈரக்கணக்கு எல்லாமே கெட்டுப்போகும். என் கையில் கிடைத்தது கிலோ 130 ரூபாய், மாவு 45.

டிபிஎஸ்ஸை 25 மி.மீ. ஒற்றை ஸ்க்ரூ மிஷினில் ஓட்டினேன். பேரல் என்ற சூடான குழாய்க்குள் ஸ்க்ரூ சுழன்று சரக்கை உருக்கி, டை என்ற வாய் வழியாக வெளியே தள்ளும். பேரல் சூடு பின்னாலிருந்து முன்னால் 90, 115, 130, டையில் 120. டையை விட்டு வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி இழையை ஊதிவிடும், நுரை மாதிரி வரும். பயப்பட வேண்டாம். டை முகத்தில் 100 டிகிரிக்குக் கீழே இறக்கினால் நுரை அடங்கும், ஆனால் அழுத்தம் ஏறும். நான் நுரையோடு எடுத்து, ஆறவிட்டு, வெட்டி, உலர்த்தியில் போட்டேன். நல்ல டிபிஎஸ் இழை இளமஞ்சளாக, வளைத்தால் வளைகிறதாக, வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளி இல்லாததாக இருக்கும். புள்ளி இருந்தால் மணி உடையவில்லை என்று பொருள், அதை மறுபடி ஒரு சுற்று ஓட்ட வேண்டும். பழுப்பாக வந்து வெல்லப்பாகு வாசம் அடித்தால் சூடு கூடிவிட்டது.

உலர்த்துவது தனிக்கதை. டிபிஎஸ் காற்றில் இருக்கும் ஈரத்தை விடாமல் குடிக்கும். பிபிஏடியும் பிஎல்ஏவும் பாலியெஸ்டர்கள். உருகும் சூட்டில் தண்ணீர் இருந்தால் அவற்றின் சங்கிலி துண்டு துண்டாக வெட்டுப்படும், பாகு தண்ணியாகும், கவர் மிஷினில் அதைக் குழாய்போல் ஊதும்போது வரும் பபிள் நிற்காது. ஆகவே ஈரத்தை அளக்காமல் எதையும் ஹாப்பரில் கொட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். 50 கிராம் குருணை, 0.01 கிராம் காட்டும் தராசு, 70 டிகிரி ஓவன். எடை பார்த்து வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி எடை. அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வந்தால் அதுதான் உலர் எடை. இதை 105 டிகிரியில் செய்யச் சொல்லும் வழக்கமான முறை இங்கே ஏமாற்றும். அந்தச் சூட்டில் கிளிசரினும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், அதையும் சேர்த்து ஈரம் என்று எண்ணிவிடுவோம். என் அனுபவத்தில், கலவைக் குருணையில் ஈரம் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் தாளில் ஊசித் துளைகள் விழ ஆரம்பித்துவிடும். 50 கிராமில் அது 0.2 கிராம்தான்.

டிபிஎஸ்ஸையும் பிபிஏடியையும் ஒற்றை ஸ்க்ரூவில் கலந்ததில் இழை வந்தது, தாளும் வந்தது, ஆனால் இழுத்தால் நார் நாராகப் பிரிந்தது. ஒற்றை ஸ்க்ரூ தள்ளும், அவ்வளவாகப் பிசையாது. கோயம்புத்தூரில் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறிய காம்பவுண்டிங் (பிளாஸ்டிக்குகளை உருக்கிக் கலக்கும்) பட்டறையில் இரட்டை ஸ்க்ரூ மிஷின் இருந்தது. கிலோவுக்கு 30 ரூபாய் கூலி. ஸ்க்ரூவின் நீளத்துக்கும் விட்டத்துக்குமான விகிதம் 40, நடுவில் ஆவி போக வெண்ட் உண்டு. பேரல் 110-இல் தொடங்கி 150 வரை ஏற்றி, டையில் 140. அதற்கு மேல் போகவிடவில்லை. 170 வைத்து ஓட்டிப் பார்த்த கொஞ்சம் சரக்கு பழுப்பாகி வாசமடித்தது, அதைத் தனியாக ஒதுக்கிவிட்டோம். வெண்டிலிருந்து முதல் பத்து நிமிடம் ஆவி குபுகுபுவென்று வந்தது. அதைப் பார்க்கையில், உலர்த்தியதாக நினைத்த டிபிஎஸ்ஸில் வழியிலேயே எவ்வளவு ஈரம் ஏறியிருக்கிறது என்று புரிந்தது. சேலத்திலிருந்து சாதாரண சாக்கில் கொண்டு போயிருந்தோம்.

கலவை நன்றாகக் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின், ஒரு புது பிளேடு, ஒரு ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு வடிவமைத்த அந்தக் காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கும். இந்த வேலைக்கு அது தாராளம். குருணையை ஃப்ரீசரில் வைத்து இறுக்கி, பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, நீர்த்த அயோடினில் ஒரு நிமிடம் நனைத்து, துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாவு கருநீலமாகும், பிபிஏடி நிறம் மாறாது. ஒற்றை ஸ்க்ரூ சரக்கில் நீலம் பெரிய பெரிய திட்டாக, ஓரம் கிழிந்த மாதிரி, சில இடத்தில் திட்டுக்கும் சுற்றியுள்ளதற்கும் நடுவே வெள்ளைக் கீற்றாக இடைவெளி விட்டுத் தெரிந்தது. அந்த இடைவெளியில்தான் தாள் கிழிந்துகொண்டிருந்தது. இரட்டை ஸ்க்ரூ சரக்கில் அதே நீலம் தூவிவிட்ட பொடியாக, ஒன்றையொன்று தொடாமல் நின்றது. விகிதம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதே சோதனை இன்னொன்றையும் காட்டியது. டிபிஎஸ் 50 பங்கு வைத்த சரக்கில் நீலத் திட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போயின. அந்தத் தாளைத் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கொழகொழத்தது. தண்ணீர் போக வழி திறந்து கிடக்கிறது. 40-க்குக் கீழே இறக்கினால் பிபிஏடி முழுவதும் சூழ்ந்துகொள்கிறது. நான் 32-இல் நிறுத்தினேன்.

சிட்ரிக் அமிலம் மாவுக்கும் பிபிஏடிக்கும் நடுவே பிடிப்பு உண்டாக்கத்தான். மலிவு, மளிகைக்கடையிலும் கிடைக்கும். மாவில் 1 சதவீதம் வைத்தபோது இழுவைத் தாங்கல் நன்றாக ஏறியது. அதே கணக்கில் 3 வைத்தால் இன்னும் ஏறும் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. அமிலம் மாவுச் சங்கிலியையும் பாலியெஸ்டரையும் சேர்த்தே வெட்டியது. டையிலிருந்து பாகு தேன் ஒழுகுகிற பதத்தில் வந்து, பபிள் ஊதவே இல்லை.

இனி பை ஓட்டும் இடம். தெரிந்த அண்ணன் ஒருவர் எல்டிபிஇ கவர் மிஷின் வைத்திருக்கிறார். அவருடைய ஓய்வு நேரத்தில் கிலோவுக்கு 25 ரூபாய்க்கு ஓட்டித் தர ஒப்புக்கொண்டார். முதலில் மிஷினைக் கழுவ வேண்டும். பேரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய எல்டிபிஇ, புதுத் தாளில் மீன்கண்ணாக, அதாவது கலக்காத சிறு புள்ளியாக, விழும். அதைவிட முக்கியம், அது மட்காது. மட்கும் பைக்குள் மட்காத துணுக்குகளை நாமே விதைப்பதாகிவிடும். பிபிஏடியை மட்டும் இரண்டு கிலோ ஓட்டி, கறுப்பு போய்த் தெளிவாக வரும் வரை கழித்தேன். அந்த இரண்டு கிலோவின் விலையைச் செலவில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

எல்டிபிஇக்கு அவர் 170 வைத்து ஓட்டுவார். இதற்கு 135, 145, டையில் 145. முதலில் இருந்தது 50 மி.மீ. டை. 5 அங்குல அகலம் வர பபிளின் விட்டம் 81 மி.மீ. இருக்க வேண்டும், அதாவது டையைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அப்படி ஓட்டிய தாள் நீளவாக்கில் பலமாகவும் குறுக்கில் பலவீனமாகவும் இருந்தது. மண் நிரப்பும்போது ஒரு சின்னக் கல் குத்தினால் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாகப் பிளந்தது. 40 மி.மீ. டைக்கு மாற்றி ஊதல் இரண்டு மடங்கானதும் அந்தப் பிளவு போய்விட்டது. கலவையில் எதையும் மாற்றவில்லை.

அடுத்த தொல்லை ஒட்டுதல். பபிள் மேலே போய் நிப் ரோலருக்குள் (அமுக்கி இழுக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே) தட்டையாகும்போது இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது.

“தம்பி, தாள் நல்லாத்தான் வருது. வாயைப் பிரிக்கத்தான் வரமாட்டேங்குது பாரு,” என்றார் அண்ணன்.

“சூட்டோட அமுக்குது போலண்ணா. ஸ்பீடைக் குறைச்சுப் பார்க்கலாமா?”

“ஸ்பீடைக் குறைச்சா கனம் ஏறிடும். ஸ்க்ரூவையும் சேர்த்துத்தான் குறைக்கணும். முதல்ல காத்தைக் கூட்டுறேன், இரு.”

மூன்றையும் செய்தார். குளிர்காற்றைக் கூட்டி, ஸ்க்ரூவையும் இழுவையையும் சேர்த்துக் குறைத்ததும் பாதி சரியானது. மீதிப் பாதிக்குக் கலவைக்குத் திரும்ப வேண்டியிருந்தது: டால்க் பவுடர் 2 பங்கு, ஒதுக்கி வைத்திருந்த பிஎல்ஏ 6 பங்கு. பிஎல்ஏ வந்ததும் தாளுக்குக் கொஞ்சம் விறைப்பு வந்து, வாயை விரலால் தேய்த்தாலே பிரிந்தது. மண் நிரப்பும்போது பை தானாக நிற்கவும் செய்தது. நிரப்புகிற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது ஆயிரம் பை நிரப்பியவர்களுக்குத் தெரியும். அடிப்பக்கம் ஒட்டும் சீலரில் எல்டிபிஇ சூட்டை வைத்தால் தாள் அறுந்துவிடும், முள்ளை நன்றாக இறக்க வேண்டும்.

கறுப்பு நிறம் வேண்டும், அழகுக்கு அல்ல. பிபிஏடி வெயிலில் விறைத்துப் பொரியும், கார்பன் பிளாக் அதைத் தடுக்கும். கடையில் கிடைக்கும் கறுப்பு மாஸ்டர் பேட்ச் (நிறத்தைச் செறிவாக ஏற்றிய குருணை) பெரும்பாலும் எல்டிபிஇயில் கலந்தது. அதைப் போட்டால் மறுபடி அதே மட்காத துணுக்கு. பிபிஏடியில் கலந்த மாஸ்டர் பேட்ச் கேட்டு வாங்க வேண்டும். எனக்குக் கிலோ 400 ரூபாய் ஆனது, 100-க்கு 3 பங்கு போட்டேன்.

ஆகக் கடைசிக் கலவை: பிபிஏடி 60, டிபிஎஸ் 32, பிஎல்ஏ 6, டால்க் 2, மேலே கறுப்பு 3. கணக்குப் போட்டால் பை எடையில் நிஜமான கிழங்கு மாவு 23 சதவீதத்தைத் தாண்டாது.

பலத்தை அளக்க 15 மி.மீ. அகலப் பட்டை வெட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, மூட்டை எடை பார்க்கும் தொங்கு தராசால் மெதுவாக இழுத்தேன். கிளிப்புகளுக்கு நடுவே 5 செ.மீ. ஒற்றை ஸ்க்ரூவில் கலந்த, அமிலம் போடாத தாள் 0.65 கிலோவில் அறுந்தது, 8 செ.மீ.கூட நீளவில்லை. இரட்டை ஸ்க்ரூவும் 1 சதவீத அமிலமும் சேர்ந்ததும் 1.2 கிலோ, நீளம் 20 செ.மீ. பிஎல்ஏ சேர்த்த கடைசிக் கலவை 1.25 கிலோ, 17 செ.மீ. பிபிஏடி மட்டும் ஓட்டிய தாள் 2 கிலோவரை போனது. ஒப்பிட, சந்தையில் வாங்கிய அதே கனக் கறுப்புக் கவர் 1.3 கிலோ. உலர்ந்த நிலையில் சமம் என்றே சொல்லலாம். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து இழுத்தால் நம் தாள் 0.7-க்கு இறங்கிவிடும், கறுப்புக் கவருக்கு எதுவும் ஆகாது. நாற்றுப் பை எப்போதும் ஈரத்தில்தான் இருக்கும், ஆகவே எனக்கு 0.7 தான் உண்மையான எண். ஒரு கிலோ மண்ணைப் பையின் முழு விளிம்பும் தாங்குகிறது, அதற்கு இது போதும். ஓரமாக ஒரு விரலில் தூக்கினால் போதாது. ஆட்களிடம் இரண்டு கையால் அடியில் பிடிக்கச் சொன்னேன்.

நாற்றங்காலில் பார்த்தது வேறு ஒரு பாடம். செம்மண், மணல், தொழுஉரம் சம பங்கு நிரப்பிய பைகளின் அடிப்பக்கம் ஆறு வாரத்திலேயே பொத்தலானது. தொழுஉரத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்து, பைகளை வெறும் தரையில் வைக்காமல் செங்கல் ஜல்லி பரப்பி அதன்மேல் அடுக்கியதும் மூன்று மாதம் தாண்டின. நுண்ணுயிர் மிகுந்த கலவையில் இருக்கும்போது பை சீக்கிரம் போவது குறை இல்லை, அதற்காகத்தானே செய்தோம். அதற்கான நேரம் மட்டும் முன்கூட்டி வந்துவிட்டது. நிலத்தில் வைத்த பைகளில் சிலவற்றை மழைக்குப் பிறகு தோண்டிப் பார்த்தேன். வேர் பக்கவாட்டில் பல இடங்களில் தாளைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அடித்தாள் காணவில்லை. விளிம்பு மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இடங்களில் காய்ந்து அப்படியே இருந்தது. ஆகவே நடும்போது விளிம்பையும் மண்ணுக்குள் மடித்துப் புதைக்க வேண்டும்.

செலவு. கலவை மூலப்பொருள் கிலோ 195 ரூபாய், காம்பவுண்டிங் 30, ஓட்டுக்கூலி 25. பத்தில் ஒரு பங்கு கழிவு போகக் கிலோ 275, 280-க்கு வருகிறது. ஒரு பை 3.5 கிராம், ஆகவே ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எல்டிபிஇ அடர்த்தி குறைந்தது, அதே அளவுப் பை 2.5 கிராம்தான். கிலோ 160 என்று வைத்தால் 40 பைசா. 60 பைசா வித்தியாசத்தில் பிளேடால் கீறும் கூலியும், கவரைப் பொறுக்கும் கூலியும், கீறும்போது அறுபடும் வேர்களும் அடங்கும் என்பது என் எண்ணம். பண்ணைக்காரர் எல்லோரும் அப்படிக் கணக்குப் போட மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இதை நான் விற்கவில்லை. ‘மட்கும்’ என்று அச்சடித்து விற்க வேண்டுமானால் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரப்படி சோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும். அது சரியான விதிதான். எல்டிபிஇயில் கொஞ்சம் மாவைத் தூவி, மட்கும் பை என்று விற்ற காலம் ஒன்று இருந்தது. மாவு போய்விடும், பிளாஸ்டிக் நொறுங்கித் துணுக்காக மண்ணில் கிடக்கும்.

அடுத்த சுற்றில் மாற்றப்போவது இவை. கிளிசரினில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சோர்பிட்டால் (சர்க்கரையிலிருந்து எடுப்பது) வைக்கப்போகிறேன். அது அவ்வளவாக வேர்க்காது, தண்ணீரில் கிளிசரின் கரைந்து போவதும் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். டிபிஎஸ் குருணையை உலர்த்தியிலிருந்து எடுத்த சூட்டோடு அலுமினியம் பூசிய பையில் சிலிக்கா ஜெல் போட்டு அடைத்துத்தான் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோவேன். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டும் வேலையே வைத்துக்கொள்ளப் போவதில்லை. தக்காளி, மிளகாய் நாற்றுக்கு மூன்று மாதம் தாங்க வேண்டிய அவசியம் இல்லை. அதற்கு 3×4 அங்குலத்தில், டிபிஎஸ்ஸை 38-க்கு ஏற்றி, 40 மைக்ரானில் ஓட்டிப் பார்க்கலாம். அண்ணன் மிஷினில் 25 மி.மீ. டை இல்லை. அதைக் கடைந்து தர லேத்தில் சொல்லியிருக்கிறேன், 4,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.